எஃப்எம் சிக்னலை மென்பொருளிலேயே டீமாடுலேட் செய்வது எப்படி?

ஐ, க்யூ சாம்பிள்கள் (ரேடியோ அலையைக் கலப்பெண்களாகப் பதிந்த எண் ஜோடிகள்) கையில் இருக்கின்றன, அவற்றிலிருந்து ஒலியை எப்படி எடுப்பது என்பதுதானே கேள்வி? எஃப்எம்மில் செய்தி இருப்பது அதிர்வெண்ணில். அதிர்வெண் என்பது கட்டம் (ஃபேஸ், அதாவது அலையின் சுழற்சிக் கோணம்) மாறும் வேகம். ஆக, அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களுக்கு இடையே கட்டம் எவ்வளவு திரும்பியது என்று கண்டுபிடித்தால் போதும்.

ஒவ்வொரு சாம்பிளின் கோணத்தையும் தனித்தனியே கண்டு கழிக்கலாம்தான். ஆனால் கோணம் +180 பாகையைத் தாண்டியதும் சட்டென்று -180க்குத் தாவும். ஒலியில் 'டப் டப்' என்று கேட்கும். அதைவிட, இப்போதைய சாம்பிளை முந்தைய சாம்பிளின் இணைக் கலப்பெண்ணால் (கற்பனைப் பகுதியின் குறியை மாற்றிய எண்) பெருக்குங்கள். பெருக்கலின் கோணமே கட்ட வித்தியாசம். அதற்கு ஏடேன்2 (atan2, கோணத்தைத் தரும் சார்பு) போட்டால் வேலை முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், அவ்வளவு சுத்தமானது.

ஒரு கணக்கு பாருங்கள். ஒலிபரப்பு எஃப்எம்மில் விலகல் (மைய அதிர்வெண்ணிலிருந்து நகரும் அளவு) அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ். சாம்பிள் வேகம் 240 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒரு சாம்பிளுக்குக் கட்டம் அதிகபட்சம் 112.5 பாகை திரும்பும். 180க்குள் இருப்பதால் குழப்பமே வராது.

இந்தக் கோணக் கணக்குக்கு முன்பே சேனல் ஃபில்டர் போட மறக்காதீர்கள். பக்கத்து நிலையம் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது.

பிறகு 15 கிலோஹெர்ட்ஸ் லோபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது). 19 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஸ்டீரியோ பைலட் (ஸ்டீரியோ ஒலிபரப்பைக் குறிக்கும் தொனி) அதில் போய்விடும். ஐந்து சாம்பிள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி.

கடைசியாக டீஎம்ஃபசிஸ், அதாவது நிலையம் தூக்கி அனுப்பிய உயர் அதிர்வெண்களை மீண்டும் இறக்குவது. இதை விட்டால் ஒலி கீச்சென்று இருக்கும். இதன் நேர மாறிலி அமெரிக்காவில் 75 மைக்ரோவினாடி, ஐரோப்பாவில் 50. முந்தைய வெளியீட்டோடு, புதிய உள்ளீட்டுக்கும் அந்த வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் அந்தப் பங்கு 50க்குச் சுமார் 0.34, 75க்கு 0.24.