மூன்று பிரசவத் தேதிகள்: எதை நம்புவது?

கேள்வி: கடைசி மாதவிலக்கு ஜனவரி 10. எனக்கு 38, 40 நாளுக்கு ஒரு முறைதான் வரும். கணக்குப்படி பிரசவம் அக்டோபர் 17. மார்ச் 21-ல் எடுத்த முதல் ஸ்கேனில் அக்டோபர் 27 என்றார்கள். எட்டாம் மாத ஸ்கேனில் அக்டோபர் 8. மாமியார் வீட்டில் அக்டோபர் 5 நல்ல நாள், ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்தத் தேதி சரி? (ஓசூர் வாசகி)

பதில்: அக்டோபர் 27.

கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் எண்ணுகிற கணக்கு 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருகிறவர்களுக்குப் போட்டது. உங்களுக்குக் கரு உண்டானதே பத்து நாள் பிந்தித்தான். நீங்கள் அனுப்பிய மார்ச் ரிப்போர்ட்டில் குழந்தை உச்சியிலிருந்து பிட்டம் வரை 20 மில்லிமீட்டர். எட்டரை வாரக் கரு அது. அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளரும். பிசகினால் ஐந்தாறு நாள். எட்டாம் மாதத்தில் அப்பாவின் உயரம், அம்மாவின் சர்க்கரை எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும். மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகும். மெஷின் பாட்டுக்கு ஒரு தேதியை அச்சடித்துத் தள்ளும். குழந்தை கொஞ்சம் பெரிசு என்பதுதான் அதற்கு அர்த்தம். சர்க்கரைப் பரிசோதனை ஆயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

டெஸ்ட் டியூப் முறையில் கருத்தரித்தவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. ஐந்து நாள் கருவைக் கருப்பையில் வைத்திருந்தால், வைத்த நாளிலிருந்து 261 நாள். முடிந்தது. அவர்களிடமும் “கடைசியா எப்பம்மா குளிச்சே?” என்று கேட்டு எழுதுகிற கூத்தைப் பார்த்திருக்கிறேன். கரு வைத்த தேதி கையிலுள்ள சீட்டிலேயே இருக்கும், புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

சரி, அக்டோபர் 5-க்கு வருவோம். 8-ஆம் தேதியை நம்பினால் மூன்று நாள்தானே முந்துகிறது என்று தோன்றும். உண்மையில் 22 நாள். 37 வாரம்கூட நிறையாது. நல்ல நேரத்தில் எடுத்த பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு இன்குபேட்டரில் கிடக்க, ஜாதகத்தை யார் படிப்பது? குடும்பம் எந்தத் தேதியைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அப்புறம், “தேதியை உறுதிப்படுத்த இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாம், நமக்குத் தெரிஞ்ச இடம்தான்” என்று கூட்டிப்போக ஒருவர் வருவார். அவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் மகப்பேறு அட்டையை எடுத்துப் பாருங்கள். அக்டோபர் 17 என்றுதான் இருக்கும். முதல் நாள் எழுதியதை யாரும் லேசில் திருத்துவதில்லை. அதை அடித்து 27 என்று எழுதி, பக்கத்தில் ‘மார்ச் 21 ஸ்கேன்படி’ என்று போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். நடுராத்திரியில் வலி எடுத்துப் போனால், டியூட்டி டாக்டர் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.