போருக்குச் சொன்ன காரணங்கள்

அன்புள்ள ஐயா,

ஈராக் போரைப் பற்றிய தங்கள் கட்டுரையில், அமெரிக்க அரசு சொன்ன காரணங்களை மக்கள் அன்றே கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஈராக்கிடம் இருப்பதாக அமெரிக்கா சொன்ன பேரழிவு ஆயுதங்கள் (அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள்) கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு இப்படிச் சொல்வது எளிது. உளவுத்துறையிடம் இருக்கும் ரகசியத் தகவல்கள் நம்மிடம் இல்லாதபோது எதை வைத்துக் கேள்வி கேட்பது? தவிர, போர் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் அரசைச் சந்தேகிப்பது, களத்துக்குப் போகும் வீரர்களின் மன உறுதியைக் குலைப்பதாகாதா?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் ஆட்சேபத்தை மதித்து, போர் தொடங்கிய 2003 மார்ச் 20-க்கு முன்பே வெளியில் தெரிந்திருந்த செய்திகளை வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் புஷ், ஈராக் அதிபர் சதாம் உசேன் ஆப்பிரிக்காவிலிருந்து பெருமளவு யுரேனியம் பெற முயன்றதை பிரிட்டிஷ் அரசு அறிந்திருப்பதாகச் சொன்னார். அந்த யுரேனியத்தை ஆப்பிரிக்க நாடான நைஜரிடம் ஈராக் வாங்க முயன்றதாகக் காட்டும், அமெரிக்காவிடம் இருந்த ஆவணங்கள், அணுசக்திப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் கைக்கு பிப்ரவரியில்தான் வந்தன. அவற்றில் 2000 அக்டோபர் தேதியிட்ட ஒரு கடிதத்தில் நைஜரின் வெளியுறவு அமைச்சராகக் கையெழுத்திட்டிருந்தவர், 1989-லேயே அந்தப் பதவியிலிருந்து போய்விட்டவர். இதைக் கண்டுபிடிக்க உளவாளி யாரும் தேவைப்படவில்லை. முகமையின் அலுவலர்கள் இணையத்தில் தேடியே கண்டுபிடித்தார்கள். ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று முகமையின் தலைவர் எல்பரதேய் மார்ச் 7 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் எல்லோரும் கேட்க அறிவித்தார். போருக்கு இன்னும் 13 நாட்கள் இருந்தன.

அலுமினியக் குழாய்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளுக்காகவே ஈராக் அவற்றை வாங்க முயன்றது என்று அரசு வாதிட்டது. 81 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய்கள், ஈராக் முன்பிருந்தே தயாரித்துவந்த சாதாரண ராக்கெட்டுகளுக்கு அளவில் அப்படியே பொருந்தின. அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்களே அரசின் வாதத்தை ஏற்கவில்லை. வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை, பிப்ரவரி 5 அன்று பாதுகாப்பு அவையில் பேசிய வெளியுறவு அமைச்சர் காலின் பாவெலும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர், அதே உரையில் அந்தக் குழாய்களைச் சான்றாகவும் நிறுத்தினார்.

ரகசியத் தகவல்களை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதும் உண்மையல்ல. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்த பாப் கிரஹாம், போருக்கு அனுமதி கோரிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். பிரிட்டனில் முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், மார்ச் 17 அன்று அமைச்சரவையிலிருந்தே விலகினார்; பேரழிவு ஆயுதம் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளப்படும் எதுவும் ஈராக்கிடம் அநேகமாக இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இவை எதுவும் தெரியாத குடிமகனும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சொல்லும் காரணத்தைச் சோதித்துப் பார்க்க அரசு அவகாசம் தருகிறதா? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். 2002 நவம்பர் இறுதியிலிருந்து ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தடைசெய்யப்பட்ட அல் சமூத் ஏவுகணைகளில் 34 அதற்குள் அழிக்கப்பட்டிருந்தன. உடைக்கப்படுபவை பல்குத்தும் குச்சிகள் அல்ல, உயிர் குடிக்கும் ஆயுதங்கள் என்று ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் சொன்னார். மிச்சமிருக்கும் வேலைக்கு ஆண்டுகளோ வாரங்களோ அல்ல, மாதங்கள் வேண்டும் என்று கேட்டார். அந்தச் சில மாதங்களைத் தர மனமில்லாத அரசு, தன் காரணம் சோதனையில் நிற்குமா என்று தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை என்று நான் நினைக்கிறேன். மார்ச் 18 அன்று ஐ.நா. தன் ஆய்வாளர்களை ஈராக்கிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது, இரண்டே நாளில் குண்டுகள் விழுந்தன. ஆயுதங்கள் கிடைக்காமல் போனபோது, ஈராக்கில் ஜனநாயகத்தை நிறுவுவது என்ற காரணம் முன்னுக்கு வந்தது.

படைவீரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போரில் 4,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். ஈராக்கியரின் சாவு அதைப் போலப் பல மடங்கு. உத்தரவை மறுக்க முடியாத ஒருவனை அனுப்பும் முன் காரணத்தைத் துருவிக் கேட்க வேண்டியவர்கள், அவனுக்காகப் பேச முடிந்த நாம்தான். அந்தக் கோடையில் நம்மிடமும் சுமார் 17,000 வீரர்களை ஈராக்குக்கு அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. கட்சிகளும் பத்திரிகைகளும் வாரக்கணக்கில் விவாதித்தன. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14 அன்று முடிவெடுத்தது. நம் வீரர்களின் மன உறுதி அந்த விவாதத்தால் குலைந்ததாக நான் நினைக்கவில்லை.

அன்புடன்.