கோடையில் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்? சமைக்கும்போது வெக்கையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரண்டையும் சேர்த்துக் கேட்டது சரிதான், எங்கள் வீட்டில் ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை. காலை வெயில் ஏறுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டால்தான் சாயங்காலம் ஏரிக்குப் போகத் தெம்பு மிஞ்சும். மதியம் அடுப்படியில் நின்ற நாளில் எனக்கு எங்கேயும் போகத் தோன்றாது.

சமையலில் நான் முதலில் மாற்றியது தீயைத்தான். தண்ணீர் ஒருமுறை கொதித்துவிட்டால் தீயை எவ்வளவு கூட்டினாலும் சுமார் 100 டிகிரிக்கு மேல் போகாது, கூட்டிய தீயெல்லாம் ஆவியாகி நம் முகத்தில்தான் அடிக்கும். அதனால் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டுவிடுவேன். நேரம் பிடிக்கிற பயறு வகைகள் முதல் நாள் ராத்திரியே ஊறிவிடும், காலையில் நேராகக் குக்கருக்குள். உள்ளே அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரை சூடாகும், சீக்கிரம் வெந்துவிடும், அடுப்பு எரிகிற நேரமும் குறையும். அப்புறம் அந்த ஆவியை வெளியேற்ற வேண்டும், ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஏதாவது ஒன்று. வெறும் சூட்டைவிட ஈரக்காற்றில்தான் புழுங்கும், ஏனென்றால் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக்காற்றில் அது காயாது. கழுத்தில் ஒரு ஈரத்துண்டு எப்போதும் இருக்கும்.

மதியம் திரையை இழுத்துவிட்டுப் புத்தகம், தூக்கம். அவ்வளவுதான்.

ஏரிக்கு, பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கிளம்புவோம். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும், அதனால் வெயில் தணிந்த பிறகும் மேல்தண்ணீர் இதமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும். கொஞ்சம் ஆழத்தில் நின்றால் நெஞ்சுக்கு இதம், காலுக்குச் சில்லென்று இருக்கும். இதமாக இருக்கிறதே என்று குழந்தைகளை நெடுநேரம் விட்டுவிடாதீர்கள். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். என் மகள் ஒருநாள் 'இன்னும் கொஞ்ச நேரம்மா' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள், பார்த்தால் உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடிக்கிறது. அன்றிலிருந்து நடுக்கம் தெரிந்தால் உடனே கரைதான். தண்ணீர் மேல் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் படலம் இருந்தால் இறங்கவே வேண்டாம். சில பாசிகளில் நஞ்சு உண்டு, எதில் இருக்கிறது எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சாப்பாடு கொண்டுபோனால் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நடுவில் அடுக்குங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. திரும்பும்போது அந்தப் பாட்டில்களே குடிக்க ஜில்லென்று இருக்கும்.

நானும் வீட்டுக்காரரும் முறை வைத்துக்கொள்கிறோம். ஒருவர் கையெட்டும் தூரத்தில் குழந்தைகளோடு நிற்க வேண்டும், போனைத் தொடக்கூடாது, ஏனென்றால் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. அவர் முறை வரும்போது நான் கரையோரமாகவே மல்லாந்து மிதப்பேன். காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் அடங்கிவிடும், என் மூச்சு மட்டும் கேட்கும். காலையில் இருட்டோடு எழுந்து சமைப்பதே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.