சர்க்கரை இல்லாதவனுக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய்க்கு எட்டு மாதமாக ஓலான்சபின் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் 58 கிலோ இருந்தவன் 73 கிலோ ஆகிவிட்டான். இரவு 11 மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் துழாவுகிறான். வெறும் வயிற்றில் சர்க்கரை 114. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதியிருக்கிறார். “சர்க்கரை நோயே இல்லாத பிள்ளைக்கு இது எதற்கு? அந்த ஓலான்சபினை நிறுத்து, எடை தானாகக் குறையும்” என்கிறார் என் நாத்தனார். என்ன செய்யட்டும்? – ஒரு தாய், விருதுநகர்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பானையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்காக அவனைத் திட்டியிருந்தால், இனித் திட்டாதீர்கள். ஓலான்சபின் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற இரசாயனங்களின் சேதியை வாங்கும் ஏற்பிகள் சிலவற்றை அடைத்துவிடுகிறது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. எட்டு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டவனுக்குப் பதினொரு மணிக்கு உண்மையாகவே பசிக்கிறது. கூடவே இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகிறது.

உங்கள் நாத்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஓலான்சபினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், அந்தக் குரல்கள் திரும்பக்கூடும். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அளவைக் குறைப்பதோ, எடை அதிகம் கூட்டாத அரிபிப்ரசோல் போன்ற மருந்துக்கு மெல்ல மாறுவதோ உங்கள் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. கேட்கத் தயங்காதீர்கள்.

114 என்பது சர்க்கரை நோய் அல்ல. அதற்கு முந்தைய படி. அங்கேயே தடுத்து நிறுத்தத்தான் மெட்ஃபார்மின். கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதை அது குறைக்கிறது. பசியும் ஓரளவு தணியும். தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடுவது மிக அரிது. பதினைந்து கிலோவும் கரைந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். சராசரியாக மூன்று கிலோ அளவுக்குத்தான் குறைகிறது. எடை மேலும் ஏறாமல் நின்றாலே எனக்கு அது வெற்றிதான்.

ஆரம்பத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதனால்தான் சிறிய அளவில் தொடங்கி, உணவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிறுநீரகப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். கடுமையான வாந்தி பேதி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சரியாகும்வரை மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்கச் சொல்வார். நீண்ட காலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும், அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் இலவசமாகவே கிடைக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால், பசியையும் எடையையும் குறைக்கும் லிராக்ளுடைடு, செமாக்ளுடைடு ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம். மனச்சிதைவுக்கான இன்னொரு மருந்தான க்ளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு இவற்றைக் கொடுப்பதென்றால் மிகுந்த கவனம் வேண்டும். அந்த மருந்தால் ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கல் ஆபத்தான அளவுக்கு முற்றலாம்.

இரவில் அவன் எழுந்திருக்கத்தான் செய்வான். பானை இருக்கும் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு சொம்பு மோரும் மூடி வையுங்கள். குளிர்பானப் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், யாருக்காகவும்.

மாதம் ஒருமுறை எடையோடு இடுப்பையும் தையல் நாடாவால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. அந்த நோட்டை அடுத்த முறை டாக்டரின் மேசையில் வையுங்கள்.