மருந்துச் சீட்டும் கூடவே போகட்டும்

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. சிங்கப்பூர் ஷிப்யார்டில் வேலை பார்த்தான். யாரோ திட்டுகிற குரல் கேட்கிறது என்றான்; அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சரியானதும் மாத்திரையை விட்டுவிட்டான். மறுபடியும் வந்ததால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஓலன்சபின் என்ற மாத்திரை சாப்பிட்டு எட்டு மாதமாக நன்றாக இருக்கிறான். மாத்திரையை நிறுத்தலாமா? திரும்பவும் வெளிநாடு போகலாமா?
- ஒரு அக்கா, தேவகோட்டை

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. தம்பி நன்றாக இருப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. இப்படிக் குரல் கேட்கும் மனநோய் முதல் தடவை வந்தவர்களே தேறிய பிறகு ஓரிரு வருடம் தொடர வேண்டும். மறுபடி வந்தவர்களுக்கு ஐந்து வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நிறுத்திய மறுநாளே நோய் வராது. மாதக்கணக்கில் கழித்துக்கூட வரும். 'விட்டும் ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் ஏமாந்துபோவது இதனால்தான். பலருக்கு முதலில் கெடுவது தூக்கம். அதைக் கவனியுங்கள்.

ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றலாம். அவ்வப்போது பரிசோதியுங்கள். ஏறினால் மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் விழுங்குவது சிரமம் என்றால் மாதம் ஒரு ஊசியும் உண்டு.

அப்புறம், வெளிநாடு. கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, பர்மா, மலாயா என்று போன பூமி இது. போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புலம்பெயர்ந்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதை 1932-லேயே, நார்வேயிலிருந்து மினசோட்டா போனவர்களை ஆராய்ந்து ஓடிகார்ட் என்ற மருத்துவர் எழுதினார். தனிமை, கடன், நைட் ஷிப்ட், தூக்கமின்மை எல்லாம் சேரும்போது பாரம் கூடுகிறது. இன்னும் ஒரு வருடமாவது இங்கே நிலையாக இருக்கட்டும். பிறகு டாக்டர் சரி என்றால், பகல் வேலையாக, தெரிந்தவர்களோடு தங்குகிற இடமாகப் பாருங்கள்.

வேலைக்கான மெடிக்கல் பரிசோதனையில் கேட்டால் நோயை மறைக்க வேண்டாம். மறைத்துப் போகிறவர் மாத்திரையையும் ஒளித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் சாப்பிடாமலே விட்டுவிடுவார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

இன்னொன்று. குரல் தம்பிக்குத் தமிழில் பேசியிருக்கும். வெளிநாட்டில் அதை ஆங்கிலத்தில் சொல்லத் திணறினால் டாக்டருக்குப் பாதிதான் போய்ச் சேரும். தமிழ் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்குக் கம்பெனி வைக்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப் பெயரும் மில்லிகிராமும் அதில் இருக்க வேண்டும். இடையில் தூக்கம் கெட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவசரமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.