ஐந்தில் நடத்திய பின்னம் ஆறில் எங்கே போகிறது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சரோ பின்னம் நடத்தியாயிற்று என்கிறார். எங்கே சறுக்குகிறது?

பதில்: நடத்தியிருப்பார். ஆனால் படத்துக்கு வண்ணம் தீட்டியதோடு நின்றிருக்கும். 1/2-ம் 3/6-ம் ஒன்றே என்ற சமான பின்னப் படி விடுபட்டிருக்கும். அதனால்தான் தொகுதியோடு (மேல் எண்) தொகுதி, பகுதியோடு (கீழ் எண்) பகுதி என்று கூட்டுகிறார்கள். 4 முதல் 7-ஆம் வகுப்பு வரை கணக்கு எடுப்பவர்கள் 40 நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். வகுப்புக்குப் பிள்ளைகளின் ஐந்து நோட்டு போதும். தப்பு எந்தப் படியில் தொடங்குகிறது என்று தேடுங்கள். யார்மேல் குறை என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். எல்லா வகுப்பிலும் ஒரே உதாரணம் வையுங்கள். நம் பக்கம் நில அளவில் ஒரு வேலிக்கு 20 மா: அரை வேலி 10 மா, கால் வேலி 5 மா, சேர்த்தால் 15 மா, அதாவது முக்கால் வேலி. இரண்டையும் மா என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் கூட்டினோம். பகுதியைச் சமமாக்குவது இதுதான்.