பட்டறைக் கேள்வி பதில்: உதறும் பிரேக்கும் விடாமல் பிடிக்கும் சக்கரமும்

கேள்வி: என்னுடையது 2006 மாடல் மாருதி 800. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பெடலும் காலடியில் துள்ளுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று போன வருடம் முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். நான்கு மாதம் நன்றாக ஓடியது. இப்போது பழைய கதை. மாதம் இரண்டு முறை வால்பாறை போய் வருகிறேன். மறுபடியும் டிஸ்க் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்குப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கோளாறு முன்னாலா பின்னாலா என்று முதலில் உறுதி செய்துகொள்வோம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுங்கள். அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அப்போது வண்டி உதறினால் பின்பக்க டிரம் (பின்சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் மாதிரியான பிரேக் பாகம்) வட்டம் தப்பியிருக்கிறது. உதறாமல், கால் பிரேக்குக்கு மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் கோளாறு முன்பக்கத்தில். பிரேக்கே தொடாமல் ஓட்டும்போதும் ஆடுகிறது என்றால் டயரையும் வீல் பாலன்சிங்கையும் பாருங்கள்.

முன்பக்கம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நான்கு மாதம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு; சும்மா ஓட்டுவதில் லேசில் வளையாது. நடப்பது வேறு. டிஸ்க்கும், அதைத் தாங்கும் சக்கர மையமான ஹப்பும் சேரும் முகத்தில் துரு ஒரு காகிதக் கனத்துக்கு இருந்தாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்காரும். சாய்ந்த டிஸ்க் சுற்றும்போது, பிரேக் மிதிக்காத நேரத்திலும், அதன் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையில்) லேசாக உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதும் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். கனத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே பேட் அதைத் தொட்டுத் தொட்டு உங்கள் காலுக்குச் சொல்லிவிடும். புது டிஸ்க் போட்ட அன்றைக்கு வராமல் மாதங்கள் கழித்து உதறல் வருவது இதனால்தான். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் இதே கதைதான் நடக்கும்.

வால்பாறைக்கும் இதில் பங்கு இருக்கலாம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால் உங்கள் வண்டியின் டிஸ்க் கொதித்துப் போகும். அது ஒற்றைத் தகடு, நடுவில் காற்றுப் போக வழி கிடையாது. அந்தச் சூட்டோடு ஆழியாறு செக்போஸ்டில் நின்று பெடலை அழுத்தியே பிடித்திருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் முத்திரை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேட் வடிவத்தில் ஒரு கருநீலத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இல்லாமல், அழுத்தமாக மிதித்து உடனே விடுங்கள். அடிவாரத்தில் இரண்டு கிலோமீட்டராவது பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா? டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தீர்களா? டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்த்தீர்களா? பழைய கார்களுக்குப் பொதுவாக 0.10 மில்லிமீட்டர் வரை ஆட்டம் ஒப்புக்கொள்வார்கள், எனக்கு 0.05க்குள் வந்தால்தான் மனசு அடங்கும். கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே ஆட்டம் குறைந்துவிடும். கனம் ஏறி இறங்கியிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போகக் கூடாது. கடைசியாக நான்கு வீல் நட்டையும் எதிரெதிராக, ஒரே அளவு இறுக்கத்தில், கையால் முடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கேள்வி: 1998 மாடல் ஜென் வைத்திருக்கிறோம். பத்து கிலோமீட்டர் ஓட்டினால் இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை வருகிறது, வண்டியும் இடது பக்கம் இழுக்கிறது. காலிப்பர் (பேடை டிஸ்க்மேல் அழுத்தும் பாகம்) கிட் மாற்றியும் சரியாகவில்லை. முழுக் காலிப்பரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, சரியாகும்வரை அந்த வண்டியில் தூரம் போகாதீர்கள். பிரேக் விடாமல் சூடானால் பிரேக் ஆயில் கொதிக்கும். அப்புறம் பெடல் தரைக்குப் போய்விடும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நாளாக ஆகக் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். சிறிது தூரம் ஓட்டி, சக்கரம் பிடித்திருக்கும்போதே ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருக்கும். இப்போது காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுலபமாகச் சுற்றினால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலிப்பர்மேல் குற்றம் இல்லை. திறந்தும் இறுக்கம் போகாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் இரண்டும் சகஜம். அந்தப் பின்களுக்குச் சாதாரண கிரீஸ் தடவ விடாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் மறுபடியும் இறுகும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும்.

என் சந்தேகம் காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ்மீது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து அடைத்திருக்கும். மிதிக்கிற பலத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அந்தப் பலம் கிடையாது. காலிப்பருக்குள் இருக்கும் சதுர சீல்தான் முறுக்கிக்கொண்டு பிஸ்டனைத் துளி பின்னுக்கு இழுக்கிறது. அந்தச் சிறு இழுப்பால் அடைப்பைத் தாண்டி ஆயிலைத் தள்ள முடியாது.

1994இல், நான் கோவையில் பட்டறை போட்ட புதிதில், ஒரு ஆசிரியையின் மாருதிக்கு இதே கோளாறு. நான் காலிப்பரை மாற்றிக் கொடுத்தேன். பத்தாம் நாள் சக்கரத்தில் புகையோடு வந்து நின்றார், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே தொங்கிய ரப்பர் நாக்கு தெரிந்தது. காலிப்பருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஹோஸ் துண்டு இன்னமும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாளே காட்டுவேன். ஹோஸ் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், வலது பக்கத்துக்கும் அதே வயதுதானே.

இன்னொன்று. ஒரு சக்கரம் மட்டுமல்லாமல் எல்லாமே சூடானால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஆயில் டப்பாவின் மூடியைத் திறங்கள். அடியில் இருக்கும் ரப்பர் ஊதிப் பெருத்திருந்தால் யாரோ என்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றியிருக்கிறார்கள். அப்போது ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்க வழியில்லை.

கேள்வி: மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்த பழைய காரின் பின்சக்கரம் நகரவே மாட்டேன் என்கிறது. கியரில் போட்டு இழுக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டியிருக்கின்றன. வலுவாக இழுத்தால் ஷூவின் லைனிங் பெயர்ந்து வரும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள், அதுவே உள்ளே துருப்பிடித்து நின்றிருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி நாள்கணக்கில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். கட்டை இருப்பது மறந்துபோகாமல் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.